மிளகை அளந்த தெரு

கொச்சி மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் நூற்றாண்டுக் கணக்கில் உலகுக்கு மிளகு அனுப்பின. ஆனால் உலகச் சமையலறைகளுக்குள் நுழைந்த மசாலாக் குடும்பங்கள் புறப்பட்டது மலைச்சாலை ஓரத்திலிருந்து. பழைய தெரு எங்கே கோட்டைவிட்டது?

மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கு வரும் பயணிகளின் பாதை ஏறக்குறைய நிச்சயிக்கப்பட்டது. முதலில் டச்சு அரண்மனை. பெயர்தான் டச்சு, 1555-ல் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள். அடுத்து 1568-ல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தரையில் பதித்திருக்கும் சீன ஓடுகளைக் குனிந்து பார்க்க வேண்டும். கையால் தீட்டியவை. பிறகு இரு பக்கமும் கலைப்பொருள் கடைகள், காஷ்மீர் சால்வைக் கடைகள், மசாலாக் கடைகள். நூறு கிராம் மிளகுப் பாக்கெட் ஒன்றோடு பயணம் முடிகிறது.

அந்தக் கடைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு கட்டடத்தை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம், சுருக்கமாக ‘இப்ஸ்டா’. 1957-ல் தொடங்கப்பட்ட இந்தச் சங்கத்தின் கூடத்தில்தான் மிளகின் முன்பேர வர்த்தகம் பல பத்தாண்டுகள் நடந்தது. சில மாதங்கள் கழித்துக் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்வதுதான் முன்பேர வர்த்தகம். விலை சரிந்துவிடுமோ என்று தோட்டக்காரருக்குப் பயம். ஏறிவிடுமோ என்று ஏற்றுமதியாளருக்குப் பயம். இரண்டு பயங்களும் சந்தித்துச் சமரசம் செய்துகொண்ட இடம் அது.

சமரசம் அமைதியாக நடக்கவில்லை. தரகர்கள் கூட்டமாக நின்று விலையைக் கத்துவார்கள். விரல்கள் அளவைக் காட்டும். தொலைபேசிகள் ஓயாமல் அலறும். தெருவில் போகிறவருக்கு உள்ளே அடிதடி நடக்கிறதோ என்று தோன்றும். நடந்துகொண்டிருந்தது விலை நிர்ணயம். நியூயார்க்கிலும் ராட்டர்டாமிலும் மிளகு வாங்குகிறவர்கள் காதுகொடுத்துக் கேட்ட விலை. 1997 நவம்பரில் இங்கேயே சர்வதேச மிளகு முன்பேரச் சந்தையும் தொடங்கியபோது, மட்டாஞ்சேரி தன் உச்சத்தில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் கூச்சல் இன்று இல்லை. 2002, 2003-ல் தேசிய அளவிலான மின்னணுச் சந்தைகள் வந்தன. வியாபாரம் கூடத்திலிருந்து கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது.

இதைக் கொச்சியின் வீழ்ச்சி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது சரியல்ல. 1987-ல் அமைக்கப்பட்ட ஸ்பைசஸ் போர்டின் தலைமையகம் கொச்சியில்தான் இருக்கிறது. உலகின் பெரிய உணவு நிறுவனங்களுக்கு மசாலாச் சாறு அனுப்பும் ஆலைகள் கொச்சியைச் சுற்றித்தான் இருக்கின்றன. குடும்பக் கடையாகத் தொடங்கி உலகச் சந்தைக்குப் போன மசாலா நிறுவனங்களும் இங்கே உண்டு. அவற்றில் பெரும் பெயர் பெற்ற இரண்டு, மட்டாஞ்சேரியில் பிறக்கவில்லை. மிளகைப் பற்றி எல்லாம் தெரிந்த தெருவைத் தாண்டி, வேறெங்கோ அவை வளர்ந்தன. ஏன் என்ற கேள்விக்கான விடை, பஜார் ரோட்டின் கிடங்குகளிலேயே இருக்கிறது.

இரண்டு வாசல் வைத்த கிடங்கு

ஜூ டவுனிலிருந்து ஃபோர்ட் கொச்சியின் கல்வத்தி வரை காயலை ஒட்டி ஓடுகிறது பஜார் ரோடு. ஒரு லாரி நின்றால் இன்னொன்று போக முடியாத அகலம். இருபுறமும் ஓட்டுக்கூரைக் கட்டடங்கள். காயல் பக்கத்துப் பண்டகசாலைகளுக்கு இரண்டு முகங்கள்: முன்வாசல் தெருவில், பின்வாசல் தண்ணீரில். கிழக்கு மலைகளிலிருந்து ஆறுகள் வழியாக வந்த வள்ளங்கள் பின்வாசலில் சரக்கை இறக்கும். மிளகும் சுக்கும் முற்றத்தில் காயும்; புடைக்கப்படும்; தரம் பிரியும்; சாக்கில் ஏறும். மறுபடி பின்வாசல் வழியாகவே படகேறிக் கப்பலுக்குப் போகும். தண்ணீரில் வந்து தண்ணீரிலேயே போன வியாபாரம் இது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனக் கப்பல்களை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு காட்டுகிறது. அந்தத் துறைமுகம் முசிறி. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது இந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மிளகு தன் துறையை மாற்றிக்கொண்டது. கூடவே வியாபாரிகளும் வந்தார்கள்.

வந்தவர்கள் தெருத்தெருவாகக் குடியேறினார்கள். ஜெபாலயத்தைச் சுற்றி யூதர்கள். குஜராத்தி ரோட்டில் வணிகக் குடும்பங்கள். அங்கே 1904-ல் கட்டிய தர்மநாதர் ஜைனக் கோயில். கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன் சேட்டுகள். திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணிகள். சலவைத் தொழிலுக்கென்று டச்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் பக்கத்திலுள்ள வெளியில் இன்றும் துணி வெளுக்கிறார்கள். சில சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை மொழிகள் புழங்கும் வேறொரு பேட்டையை இந்தியாவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனை பேரையும் ஒரே பேச்சில் கட்டிப்போட்டது மிளகு. அதன் பேச்சு நம்பிக்கை. எழுத்து ஒப்பந்தம் வருவதற்கு முன்பே வாய்ச்சொல் ஒப்பந்தம் இருந்தது. ஒரு வீட்டின் பெயர் கெட்டால் மறுநாள் அந்த வீட்டுச் சரக்கை யாரும் தொடமாட்டார்கள்.

உள்ளங்கையே சோதனைச்சாலை

மிளகின் தரத்தை அந்தக் காலத்துத் தரகர் எப்படிப் பார்த்தார்? சாக்கில் கை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் உருட்டுவார். பிஞ்சு மிளகும் பதரும் லேசாக விலகும். ஒன்றை நகத்தால் கீறுவார். பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்தது எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சத்தமே சொல்லிவிடும். பிறகு லிட்டர் அளவையில் நிரப்பி எடை பார்ப்பது. ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நின்றால் கனமான சரக்கு. 500-க்குக் கீழே போனால் பதர் அதிகம் என்று பொருள்.

சர்வதேசச் சந்தையில் இன்றும் வழங்கும் பெயர்கள் இங்கிருந்து போனவைதான். ‘மலபார் கார்பிள்ட்’ என்றால் சலித்துச் சுத்தம் செய்த மலபார் மிளகு. ‘கார்பிள்ட்’ என்ற சொல்லே சல்லடையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழித்தோன்றல். ‘தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட்’ என்றால் 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் பெரிய மணி. சல்லடையையும் முறத்தையும் ஆட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் தூசிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் பிரித்த தரங்கள்தான் லண்டன் வியாபாரியின் விலைப்பட்டியலில் அச்சாகின.

இந்தக் கைப்பழக்கத்தைப் பற்றி உருகுவதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏமாற்றத் தெரிந்ததும் அதே கைதான். மிளகோடு பப்பாளி விதையைக் கலப்பது ஊரறிந்த பழைய தந்திரம். பூஞ்சை பிடிக்காமலிருக்கவும் மணி பளபளக்கவும் கனிம எண்ணெய் தடவுவது இன்னொன்று. நல்ல தரகரின் வேலையில் பாதி, மற்றவர்களின் தந்திரத்தைக் கண்டுபிடிப்பது. அந்த அறிவு அவர் மூக்கிலும் விரலிலும் இருந்தது. மகனுக்கும் மருமகனுக்கும் போகலாம். தபாலில் அனுப்ப முடியாது. சான்றிதழாக அச்சடிக்கவும் முடியாது. மட்டாஞ்சேரியின் பலமும் பலவீனமும் இதுவே.

சாப்பா எறிந்த கரை

நம்பிக்கை முதலாளிகளுக்குள் மட்டும்தான் இருந்தது. சுமை தூக்கியவர்களுக்கு அதில் பங்கில்லை. கொச்சித் துறைமுகத்தில் கப்பல் வேலைக்கு ஆள் எடுத்த விதத்துக்கு ‘சாப்பா’ என்று பெயர். சாப்பா என்றால் உலோக வில்லை. விடியற்காலையில் கூடும் கூட்டத்தின் நடுவே கங்காணி வில்லைகளை வீசி எறிவார். முட்டி மோதி, விழுந்து புரண்டு வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்களுக்குப் பட்டினி. மிளகைப் பொறுக்கி எடுப்பதில் இவ்வளவு நுணுக்கம் காட்டிய ஊர், மனிதர்களைப் பொறுக்கிய விதம் இது.

1953-ல் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். வேலைநிறுத்தம் மாதக் கணக்கில் நீண்டது. செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி என்ற இரண்டு தொழிலாளர்கள் குண்டடிபட்டு இறந்தார்கள். ஆன்டணி என்ற மூன்றாமவர் போலீஸ் அடியில் உயிரிழந்தார். 1959-ல் துறைமுகத் தொழிலாளர்களுக்கான ஒழுங்குமுறைத் திட்டம் வந்தது. வில்லைக்குப் பதில் பதிவேடு. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023-ல் ‘துறமுகம்’ என்ற மலையாளப் படம் இந்தச் சம்பவத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஜூ டவுனில் பழைய சாவிகளையும் பூட்டுகளையும் ஆசையாய்ப் புரட்டிப் பார்க்கும் பயணிக்கு சாப்பாவைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

உரிமை கிடைத்த கொஞ்ச காலத்திலேயே வேலையின் தன்மை மாறத் தொடங்கியது. 1973 நவம்பர் 27-ஆம் தேதி ‘பிரசிடென்ட் டைலர்’ என்ற கப்பல் கொச்சிக்கு வந்தது. இந்தியத் துறைமுகம் ஒன்றுக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல் அதுதான். யாரும் அன்று யோசித்திருக்க மாட்டார்கள், பஜார் ரோட்டின் பின்வாசல்களை மூடப்போகிற கப்பல் அது என்று.

காரணம் எளிது. சரக்கு சாக்கு மூட்டையாகப் படகேறியவரை, தண்ணீரை ஒட்டிக் கிடங்கு வைத்திருந்தவர்தான் ராஜா. சரக்கு இரும்புப் பெட்டிக்குள் போகத் தொடங்கியதும், பெட்டி எங்கே வேண்டுமானாலும் நிரம்பலாம். நூறு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்து ஆலை வாசலிலேயே நிரப்பிப் பூட்டி லாரியில் ஏற்றலாம். பெரிய டிரெய்லர் லாரி நுழைய முடியாத பஜார் ரோடு தொல்லையாகிப்போனது. 2011-ல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தபோது மட்டாஞ்சேரியின் நீர்வாசல்களுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

தனுஷ்கோடி சாலையில் இரண்டு கடைகள்

கொச்சியின் குண்டன்னூரில் தொடங்கும் நெடுஞ்சாலை கிழக்கே மலையேறி மூணாறு, போடி, தேனி வழியாக மதுரைக்குப் போகிறது; முன்பு அது தனுஷ்கோடி வரை நீண்டது. தமிழர்களுக்கு நன்கு பழக்கமான சாலை. ஏலமும் மிளகும் விளையும் மலையையும் அவற்றை வாங்கும் ஊர்களையும் இணைக்கும் சாலை. மட்டாஞ்சேரியைத் தாண்டி வளர்ந்த இரண்டு நிறுவனங்களும் இந்த ஒரே சாலையில் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

முதலாவது, கொச்சியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கோலஞ்சேரி அருகே கடையிருப்பில். சி.வி. ஜேக்கப் 1972-ல் சிந்தைட் என்ற ஆலையைத் தொடங்கினார். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் தொழில்நுட்பம் கைகொடுத்தது. தொடங்கியபோது இருபது பேர். அவர் செய்தது மிளகை விற்பதற்குப் பதில் மிளகின் சாரத்தை விற்பது. மிளகை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, காரத்தையும் மணத்தையும் பிசின்போல் பிரித்தெடுத்தால் கிடைப்பது ஓலியோரெசின். நூறு கிலோ மிளகில் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு கிலோ கிடைக்கும். பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை, தூசி இல்லை. ஒவ்வொரு டப்பாவிலும் காரம் இத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுக்கலாம். சாஸேஜும் சூப்பும் சிப்ஸும் செய்யும் ஐரோப்பிய, அமெரிக்க ஆலைகளுக்கு வேண்டியது அதுதான். இன்றைக்குக் கிடைக்கும் சுவை அடுத்த ஆண்டும் அணுவளவும் மாறாமல் கிடைக்க வேண்டும். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துச் சொல்லும் வாக்குறுதி அவர்களுக்குப் போதாது. ஓலியோரெசினில் உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளர் என்ற பெயரை சிந்தைட் எடுத்தது. ஜேக்கப் 2021 ஜனவரியில் காலமானார்.

இரண்டாவது, சாலையில் இன்னும் மேலே, மூணாறுக்கு முன்னால் வரும் அடிமாலியில். எம்.இ. மீரான் 1968-ல் அங்கே ஈஸ்டர்ன் டிரேடிங் கம்பெனி என்ற பலசரக்கு மொத்தக் கடையைத் தொடங்கினார். மலையில் குடியேறிய விவசாயிகள் மிளகையும் ஏலத்தையும் கொண்டுவந்து அரிசி பருப்பு வாங்கிப் போகும் ஊர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1983-ல், ஈஸ்டர்ன் கறிப்பொடி பாக்கெட் வந்தது. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, சிக்கன் மசாலா, இறைச்சி மசாலா என்று வரிசை வளர்ந்தது.

காலம் பொருத்தமாக வாய்த்தது. எண்பதுகளில் மலையாளிகள் கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். துபாயில் எட்டுப் பேர் பங்குபோட்ட அறையில் யார் அம்மியைத் தேடுவது? ஊரில் இருந்த பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். கறிக்கடையில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு வீட்டில் மசாலா வறுக்கவும் அரைக்கவும் ஆளில்லை. அந்த இடைவெளியை ஒரு சின்னப் பாக்கெட் நிரப்பியது. விற்றது வெறும் பொடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மாவின் கைப்பக்குவம் இந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்ற உத்தரவாதம்.

நிறுவனம் கொச்சிக்குத் தலைமையகத்தை மாற்றியது. வாசனைப் பொருள்களில் உலகப் பெயரான அமெரிக்காவின் மெக்கார்மிக் 2010-ல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. மீரான் 2011-ல் மறைந்தார். 2020 செப்டம்பரில் நார்வேயின் ஓர்க்லா, தான் 2007-ல் வாங்கியிருந்த பெங்களூரின் எம்.டி.ஆர். வழியாக ஈஸ்டர்னின் பெரும்பான்மைப் பங்கை வாங்க ஒப்பந்தம் செய்தது. அடிமாலிக் கடையின் வாரிசுக்கு அப்போது போட்ட மதிப்பு 2,000 கோடி ரூபாய். 2025 நவம்பரில் ஓர்க்லா இந்தியா பங்குச்சந்தைப் பட்டியலில் ஏறியது. மிளகு தேடிக் கொச்சிக்குக் கப்பல் விட்ட ஐரோப்பா, இப்போது மிளகுக் கடையையே வாங்கிக்கொண்டது.

சிந்தைட்டும் ஈஸ்டர்னும் மட்டாஞ்சேரியை மிஞ்சியது மிளகை அதிகம் அறிந்ததால் அல்ல. மிளகை அறிந்த ஆளின் சொல்லுக்குப் பதிலாக, யார் படித்தாலும் புரியும் ஒரு தாளை உலகம் கேட்கத் தொடங்கியதை அவை முதலில் புரிந்துகொண்டன. மட்டாஞ்சேரி மூட்டை விற்றது. அவை சோதனைச்சாலை அறிக்கையோடு டப்பாவும் பாக்கெட்டும் விற்றன. லாபம் மூட்டையிலிருந்து தாளுக்கு நகர்ந்துவிட்டது.

யாரும் முகர்ந்து பார்க்காத மிளகு

தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கொச்சியே சாட்சி. 2012 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கொச்சிப் பகுதியில் உள்ள சில கிடங்குகளுக்கு முத்திரை வைத்தது. என்.சி.டி.இ.எக்ஸ். என்ற தேசிய மின்னணுச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகள் அவை. உள்ளே 6,000 டன்னுக்கும் மேற்பட்ட மிளகு. அதில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகச் சோதனை சொன்னது. மிளகு பூட்டிய கிடங்கில் கிடந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பணம் போட்டவர்கள் அலைந்தார்கள். மிளகின் முன்பேர வர்த்தகமும் அத்தோடு முடங்கியது.

திரையில் கைமாறியவரை அது வெறும் எண். நூறு கைகள் மாறியும் ஒருவரும் சாக்குக்குள் கை விட்டிருக்கவில்லை. பழைய தரகர் ஒருவர் ஒரு பிடி அள்ளியிருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியிருக்கும். மறுபக்கம், எண்ணெய் தடவும் வித்தை கணினியோடு வந்ததும் அல்ல. பழைய சந்தையின் சீதனம். மூக்கு போய்விட்டது, தந்திரம் மட்டும் தங்கிவிட்டது. புதுமைக்கும் பழமைக்கும் நடுவே மாட்டிய மட்டாஞ்சேரியின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பெரிய நிறுவனங்களும் இந்த விஷயத்தில் நிம்மதியாகத் தூங்க முடியாது. 1919-ல் சியால்கோட்டில் ஒரு மசாலாக் கடையாகத் தொடங்கிய எம்.டி.எச்., பிரிவினைக்குப் பின் டில்லியில் மறுபிறவி எடுத்து உலகம் முழுக்கப் போனது. 2024 ஏப்ரலில் அதன் சில மசாலாக்களிலும் எவரெஸ்ட் நிறுவனத்தின் மீன் மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங் அறிவித்து விற்பனையை நிறுத்தியது. சிங்கப்பூர் எவரெஸ்ட் பொருளைத் திரும்பப் பெறச் சொன்னது. கிருமிகளை ஒழிக்கப் பயன்படுத்தும் வாயு அது. உணவில் தங்கினால் ஆபத்து. தங்கள் பொருள்கள் பாதுகாப்பானவை என்று நிறுவனங்கள் சொல்லின. ஆனாலும் அந்த இரு நாடுகளுக்கும் போகும் மசாலாவுக்குச் சோதனையை ஸ்பைசஸ் போர்டு கட்டாயமாக்கியது. நூறு ஆண்டு கட்டிய பெயருக்கு ஒரு வார அவகாசம்கூட இல்லை. ஒரு வீட்டின் பெயர் கெட்டால் மறுநாள் சரக்கு தொடப்படாது என்ற பஜார் ரோட்டு விதி, கடல் தாண்டியும் மாறவில்லை.

இந்த ஆட்டத்தில் மிளகுக்கொடி வளர்க்கிறவரின் இடம் எது? 2000-களின் தொடக்கத்தில் வியட்நாம் உலகின் முதல் மிளகு ஏற்றுமதி நாடானது. கேரளத்தில் வாடல் நோய் கொடிகளைத் தின்றது. இந்தியாவுக்குள்ளேயே கர்நாடகம் கேரளத்தை முந்தியது. 2000-ல் நடைமுறைக்கு வந்த இலங்கை ஒப்பந்தத்தின் வழியே வெளிநாட்டு மிளகு சுற்றி வருகிறது என்று விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்ய முடியாதபடி விதி கொண்டுவந்தது. இடுக்கி விவசாயிக்கு ஒரு காலத்தில் விலை சொன்னது மட்டாஞ்சேரியின் கூச்சல். அதில் சூது இருந்தது. ஆனால் அது பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் இருந்தது. இன்று அவர் விலையைத் தீர்மானிப்பது வியட்நாமின் மழை. பாக்கெட்டின் விலை ஏறினாலும் கொடியின் விலை ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் விற்கும் வியாபாரத்தில் விடுபட்டுப்போனது அது ஒன்றுதான்.

மிச்சம் இருப்பது வாசனை

மட்டாஞ்சேரி சும்மா இருந்துவிடவில்லை. 2012 டிசம்பர் 12-ல் கொச்சி முசிறி பினாலே என்ற கலைத் திருவிழா தொடங்கியபின் காலிக் கிடங்குகளுக்குப் புது வேலை கிடைத்தது. மிளகு காய்ந்த முற்றங்களில் சிற்பங்களும் திரைகளும். சில பண்டகசாலைகள் காயலைப் பார்த்த சிற்றுண்டிச்சாலைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின. 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ படகும் மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டது. வள்ளங்கள் மூட்டை இறக்கிய கரையில் பயணிகள் இறங்குகிறார்கள். தண்ணீர்ப் பக்கத்து வாசல் மறுபடி திறந்திருக்கிறது, சரக்குக்காக அல்ல என்றாலும்.

யூதர்கள் போய்விட்டார்கள். 1948-ல் இஸ்ரேல் உருவானபின் ஐம்பதுகளில் தொடங்கிய குடிபெயர்வு தெருவைக் காலி செய்தது. கொச்சிக்கு மின்சார வசதி தந்த கம்பெனியையும் பெரிய கடைகளையும் நடத்திய கோடர் குடும்பம் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தது. ஜூ டவுனில் துணியில் கைப்பின்னல் வேலை செய்து விற்ற சாரா கோஹன் 2019 ஆகஸ்டில், 96 வயதில் மறைந்தார். கோடர் குடும்பத்தில் பிறந்த குவீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் மறைந்தார். ஜெபாலயத்தின் விளக்குகளை இப்போது பெரும்பாலும் பார்வையாளர்களே பார்க்கிறார்கள்.

ஆனாலும் பஜார் ரோடு முழுக்கக் காட்சிசாலையாகிவிடவில்லை. காலை நேரத்தில் நடந்தால் அரிசி, வெங்காயம், மல்லி, சுக்கு மூட்டைகள் இறங்குவதைப் பார்க்கலாம். தலைச்சுமைக்காரர்கள் ‘வழி, வழி’ என்று குரல் கொடுத்தபடி ஓடுகிறார்கள். நியூ ரோட்டில் காயீஸ் ரஹ்மத்துல்லா ஓட்டலின் பிரியாணிக்குக் கூட்டம் சேர்கிறது. பல தலைமுறை கண்ட இந்தக் குடும்ப ஓட்டல் உலக நிறுவனமாகாமலே ஊர் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறது. வளராமல் இருப்பதும் ஒரு கடைக்குச் சாத்தியமான வாழ்க்கைதான்.

ஏதாவதொரு கிடங்கின் திறந்த கதவு வழியே எட்டிப் பார்த்தால், தரையில் பரப்பிய சுக்கின் நடுவே பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கையில் முறம். உடைந்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம் என்று விரல்கள் தாமாகப் பிரிக்கும். வாசலில் நின்று படம் எடுக்கும் பயணிகளை நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. பிரித்து முடித்த சுக்கு மூட்டையாகி, ஏதோ ஓர் ஆலைக்குப் போகும். அங்கே அதன் மாதிரி கண்ணாடிக் குப்பியில் ஏறும். ஒரு தாள் அச்சாகும். அந்தத் தாளில் இந்தத் தெருவின் பெயரும் இருக்காது, அந்த விரல்களின் பெயரும் இருக்காது. தரம் மட்டும் இருக்கும்.